கீழ்வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு அப்புறம் பெட்டியைப் பிரியுங்கள்

ஏப்ரலில் டோக்கியோ வருகிறோம், நிஷி கசாய் பக்கம் வீடு பார்க்கிறோம், 6 வயதிலும் 3 வயதிலும் இரண்டு பிள்ளைகள் என்று எழுதியிருக்கிறீர்கள். வாடகை, பள்ளிக்கூடம், சைவச் சாப்பாடு எல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் "பிள்ளைகள் சத்தம் போட்டால் புகார் கொடுத்துவிடுவார்களாமே, வெளியே கூட்டிப்போகவே முடியாதா அக்கா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முன்பணம், வீட்டுக்காரருக்கு நன்றிப் பணமாகக் கொடுக்கும், திரும்பி வராத ரெய்கின், தரகு எல்லாம் சேர்த்து நாலைந்து மாத வாடகை கையில் இருக்கட்டும். பருப்பு, புளி, கறிவேப்பிலை எல்லாம் நிஷி கசாய் இந்தியக் கடைகளில் கிடைக்கும். வெளியே சாப்பிடும்போது மட்டும் 'தாஷி' என்ற மீன் சாற்றைக் கவனியுங்கள், காய்கறிக் குழம்பில்கூட இருக்கும். பள்ளிக்கூடத்துக்கு வார்டு அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள்.

இப்போது சத்தத்துக்கு வருகிறேன்.

நாங்கள் வந்தது 2008 அக்டோபரில். மகளுக்கு இரண்டு வயது. நான் ஸ்ரீரங்கத்துக்காரி. குக்கர் விசில், கோயில் ஒலிபெருக்கி, எதிர்வீட்டுச் சண்டை எல்லாம் காதில் விழுந்தால்தான் பொழுது விடிந்ததாகவே தோன்றும். இங்கே மின்சாரம் 100 வோல்ட், நம் ஊர் மிக்சிக்குப் போதாது. அகிஹபாராவில் தேடிச் செங்கல் கனத்தில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி வந்தார் என் கணவர். சமையல் மேடையில் இடமில்லை. மிக்சியை மரத்தரையில் வைத்து, காலை 6 மணிக்குச் சட்னி அரைப்பேன். மகள் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் ஓடுவாள்.

மூன்றாவது வாரம் தபால் பெட்டியில் ஒரு காகிதம். யார் பெயரும் இல்லை, எல்லா வீட்டுக்கும் போட்டிருந்தார்கள். கணவரின் அலுவலகத்து நண்பர் படித்துச் சொன்னார்: அதிகாலையிலும் இரவிலும் அதிர்வும் காலடிச் சத்தமும் கேட்பதாகப் புகார் வந்திருக்கிறது, தயவுசெய்து கவனியுங்கள். யாரைச் சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியாதா? அன்று முழுக்க அழுதேன். அப்புறம் நாலு மாதம் அவளைத் தரையில் விடவே பயந்து இடுப்பிலேயே வைத்திருந்தேன். இறக்கிவிட்டால் "ஷ்ஷ்" என்பேன். ஒருநாள் சமையலறையிலிருந்து திரும்பிப் பார்த்தால், பிள்ளை நுனிக்காலில் நடந்து வருகிறாள். இரண்டு வயதுப் பிள்ளை. இன்று நினைத்தாலும் என்னைத்தான் நொந்துகொள்கிறேன்.

நாங்கள் செய்யாமல் விட்டது என்ன என்று அந்த நண்பரின் மனைவிதான் பிப்ரவரியில் சொன்னார். குடிவந்ததும் இரண்டு பக்கத்து வீடுகளுக்கும், மேல்வீட்டுக்கும், கீழ்வீட்டுக்கும் போய் வணக்கம் சொல்லி, ஒரு துண்டோ இனிப்போ சோப்புத்தூளோ கொடுக்க வேண்டும். அதற்கு 'ஹிக்கொஷி ஐசாட்சு' என்று பெயரே இருக்கிறது. 500 யென் துண்டு நாலு வாங்கிக்கொண்டு, தாமதமானதற்கு மன்னிப்பும் கேட்டுக்கொண்டு போனோம். கீழ்வீட்டில் எழுபது வயதுப் பாட்டி. என்னைப் பார்க்கவில்லை, என் மகளின் காலைத்தான் பார்த்தார். எத்தனை வயது என்று கேட்டு, "கெங்கி தா நே" என்றார். நல்ல சுறுசுறுப்பு என்று அர்த்தம். அன்று மாலையே தரை முழுக்கத் தடிமனான விரிப்பு போட்டேன். மிக்சியை மடித்த மெத்தை மேல் வைத்து, 8 மணிக்குப் பிறகுதான் ஓட்டினேன். மகள் ஓடுவதை நிறுத்தவில்லை, நானும் அதட்டவில்லை. ஆனால் அதற்கப்புறம் காகிதம் வரவே இல்லை. அது யாருடைய கால் என்று பாட்டிக்குத் தெரிந்துவிட்டது.

நம்மவர்களில் சிலர் பதினைந்து வருடம் இருந்துவிட்டு, "ஜப்பானியர்கள் நம்மைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்" என்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் பெயர் என்ன என்று கேட்டால் தெரியாது. சாகுரா என்ற செர்ரி மரங்கள் பூத்தால் பத்துக் குடும்பம் ஒன்றாகப் போய் ஸ்பீக்கரில் பாட்டு அலறவிடுவார்கள். புதிதாக வருபவர்களைப் பயமுறுத்துவதும் இவர்கள்தான், எனக்கு அதுதான் ஆத்திரம். பேச்சு வரவில்லை என்றும் சாக்குச் சொல்வார்கள். ஜப்பானிய மொழி நம் தமிழ் மாதிரியே வினைச்சொல்லைக் கடைசியில் வைக்கும். நமக்கு வராது என்று சொல்லவே கூடாது.

வெளியே தாராளமாகக் கூட்டிப்போங்கள். ரயிலில் மட்டும் அடக்கி வாசிக்க வேண்டும். போனில் பேசக் கூடாது, தள்ளுவண்டிக்கு லிஃப்ட் இருக்கும் வாசல் எது என்று முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். பூங்காவுக்குள் போய்விட்டால் பிள்ளைகள் கத்தலாம், ஜப்பானியப் பிள்ளைகளும் கத்தத்தான் செய்கிறார்கள். நிஷி கசாய் ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரத்தில் க்யோசென் பூங்கா. உள்ளே சின்ன மிருகக்காட்சி சாலை, கட்டணம் இல்லை, ஆட்டைத் தொட்டுப் பார்க்கலாம். திங்கட்கிழமை மூடியிருக்கும். கசாய் ரின்காய் பூங்காவில் 117 மீட்டர் ராட்டினமும், சூரை மீன்கள் சுற்றிச்சுற்றி வரும் பெரிய தொட்டியும் உண்டு. தயிர்சாதம் கட்டிக்கொண்டு போய் விரிப்பில் உட்கார்ந்து சாப்பிடுங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். குப்பைத்தொட்டியைத் தேடி அலைய வேண்டாம், ஒரு பையில் கட்டி வீட்டுக்கே எடுத்து வந்துவிடுங்கள். சாயங்காலம் ஊர் ஒலிபெருக்கியில் ஒரு மெட்டு வரும். பிள்ளைகள் வீடு திரும்பும் நேரம் அது. என் மகள் அதைக் கேட்டுத்தான் நேரம் பார்க்கப் பழகினாள்.

2011 மார்ச் 11, மதியம் 2:46, அந்தப் பெரிய நிலநடுக்கம். நானும் மகளும் மேசைக்கடியில் இருந்தோம். ரயில்கள் நின்றுவிட்டன, அலுவலகம் இருந்த ஓட்டேமாச்சியிலிருந்து கணவர் நடந்தே வந்து சேர்ந்தபோது இரவு 10 மணி. அதற்கு முன்னால், இருட்டும் நேரத்தில், மகளுக்குப் பால் காய்ச்சலாம் என்றால் அடுப்பு பற்றவில்லை. குழாய் உடைந்துவிட்டதோ என்று நடுங்கிக்கொண்டு நின்றேன். லிஃப்ட் ஓடவில்லை, பாட்டி டார்ச்சோடு படியேறி வந்தார். வாசலுக்குப் பக்கத்து இரும்புக் கதவைத் திறந்து கேஸ் மீட்டரைக் காட்டினார். சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. பலமாக அதிர்ந்தால் மீட்டர் தானே அடைத்துக்கொள்ளுமாம். கருப்பு மூடியைத் திருகி எடுத்து, பொத்தானை அழுத்தி விட்டார். மூன்று விரலைக் காட்டினார், மூன்று நிமிடம். குளிரில் மூன்று பேரும் நின்றோம், என் மகள் அவர் சால்வைக்குள். விளக்கு அணைந்தது. உள்ளே போய் அடுப்பைத் திருகினேன், நீலமாகப் பற்றிக்கொண்டது.

உங்கள் வீட்டிலும் மீட்டர் எங்கே இருக்கிறது என்று வந்த அன்றே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். துண்டு நாலு வாங்க மறக்காதீர்கள்.