தானாக இறங்கும் ட்ரோன் தேயிலைக்குள் போய் விழுவது ஏன்?

கேள்வி: கோத்தகிரி பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர் தேயிலை. அக்கம்பக்கத்துத் தோட்டங்களையும் சேர்த்து மேலிருந்து படம் எடுக்கலாம் என்று, ஒன்றரைக் கிலோ எடையில் இறக்கை வைத்த ட்ரோன் ஒன்றைக் கோவையில் வாங்கினோம். கையால் வீசினால் நன்றாகவே கிளம்புகிறது. தானாக இறங்கும்போதுதான், ஒதுக்கி வைத்த புல்தரையைத் தாண்டிப் போய்க் கீழே செடிகளுக்குள் விழுகிறது. மூன்று முறை ஆகிவிட்டது. விற்றவரோ, செங்குத்தாக இறங்கும் மாடலுக்கு மாறச் சொல்கிறார். மாறத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம். இதற்கு மேல் ஒரு ரூபாய் போடாதீர்கள். நீங்கள் அனுப்பிய பறத்தல் பதிவைப் பார்த்தேன். கருவியில் பழுது ஒன்றும் இல்லை. சரிவில் கீழ்நோக்கி இறங்கும்படி அதற்குப் பாதை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள், அதுதான் கோளாறு.

உங்கள் ட்ரோன் 10 மீட்டர் முன்னே போனால் 1 மீட்டர் இறங்குகிறது. உங்கள் புல்தரையோ அதே 10 மீட்டரில் 80 சென்டிமீட்டர் தாழ்ந்துகொண்டே போகிறது. ஆக, 10 மீட்டர் பறந்தும் தரையை நெருங்குவது வெறும் 20 சென்டிமீட்டர். உயரக் கணக்கு 1 மீட்டர் பிசகினால், சமதளத்தில் 10 மீட்டர் தள்ளி இறங்கும். உங்கள் இடத்தில் 50 மீட்டர் தள்ளிப்போகும். அங்கே தேயிலைதான் இருக்கிறது. அதே தரையில் கீழிருந்து மேல்நோக்கி வந்து இறங்கினால் அந்த 1 மீட்டர் பிசகு ஐந்தாறு மீட்டரோடு முடிந்துவிடும்.

இந்தப் பிசகு எங்கிருந்து வருகிறது? ட்ரோன் தன் உயரத்தைக் காற்றழுத்தத்தை வைத்துத்தான் கணிக்கிறது. நம் பகுதியில் காலை பத்து மணியிலிருந்து மாலை நாலு மணிக்குள் அழுத்தம் இயல்பாகவே சுமார் 3 மில்லிபார் இறங்கும். உங்கள் உயரத்தில் ஒரு மில்லிபார் என்பது ஏறக்குறைய 10 மீட்டர். பதினொரு மணிக்குக் கிளப்பி முக்கால் மணி நேரம் கழித்து இறக்கினால், சில மீட்டர் பிழை சேர்ந்திருக்கும். வெயிலில் சூடேறிய கருவியை அப்படியே வீசினால் மேலே குளிர்ந்ததும் இன்னும் கொஞ்சம் கூடும். வயிற்றில் கீழ்நோக்கிப் பார்க்கும் சின்ன லேசர் உயரமானி ஒன்றைப் பொருத்துங்கள். தரை நெருங்கும்போது மூக்கைத் தூக்க வேண்டிய கணத்தை அது சரியாகச் சொல்லும். பனிமூட்டத்தில் அதை நம்பாதீர்கள். மூட்டத்தையே தரை என்று எடுத்துக்கொள்ளும்.

'காற்றை எதிர்த்துத்தானே இறக்க வேண்டும்?' என்று கேட்பீர்கள். பொது விதி அதுதான். சரிவில் மட்டும் ஒரு விலக்கு உண்டு. இதில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள் என்பதால் நிறுத்திச் சொல்கிறேன். லேசான காற்று பின்னாலிருந்து வந்தாலும், மேட்டை நோக்கி இறங்குவதே மேல். லேசான என்றால் நொடிக்கு 2 மீட்டர் வரை, அதற்கு மேல் கிடையாது. உங்கள் ட்ரோன் நொடிக்கு 13 மீட்டரில் இறங்குகிறது. பின்காற்று 3 மீட்டர் என்றால் தரையில் 16 மீட்டர் வேகம்; மோதும் ஆற்றல் ஒன்றரை மடங்கு ஆகிவிடும். 15 மீட்டருக்கு 1 மீட்டர் ஏற்றம்கூட இல்லாத தரையில் இந்த விலக்கு செல்லாது, அங்கே பொது விதிதான். மேட்டு விளிம்பில் சில்வர் ஓக் வரிசை நின்றாலும் செல்லாது. மரத்துக்குப் பின்னால் காற்று சுழன்று அடிக்கும்.

இதைவிட நல்ல வழி, நேரம் பார்ப்பது. ஒரு குச்சியில் ரிப்பனைக் கட்டித் தரையோரம் நட்டுப் பாருங்கள். விடிகாலையில் குளிர்ந்த காற்று மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வழியும், ரிப்பன் கீழ்நோக்கி மெல்ல ஆடும். வெயில் ஏறி ஒன்பது மணி வாக்கில் அது அப்படியே திரும்பிவிடும். வெளிச்சம் வந்து ரிப்பன் திரும்புவதற்குள் இறக்கினால், மேடும் எதிர்க்காற்றும் ஒரே திசையில் கிடைக்கும். காற்றுவேகத்தை அளக்கும் பிடோட் குழாயின் நுனியில் பனித்துளி நிற்கிறதா என்று மட்டும் கிளப்புமுன் பாருங்கள். ஒரு துளி போதும், வேகக் கணக்கு மொத்தமும் தவறிவிடும்.

அப்புறம், விற்பவர்கள் விஷயம். கோவை சமவெளியில் பறக்கவிட்டுச் செட்டிங் போட்டு, அதையே மலைக்கும் கட்டிக் கொடுத்து அனுப்புகிறார்கள். கோவையைவிடக் கோத்தகிரியில் காற்று எட்டில் ஒரு பங்கு மெலிந்தது. அதே தூக்குவிசைக்கு ட்ரோன் ஏழு சதவீதம் வேகமாகப் போக வேண்டும், நிற்கவும் கூடுதல் தூரம் வேண்டும். இதை ஒரு வார்த்தை சொல்வதில்லை. எனக்கு வரும் புகார்களில் பாதி இதே கதை. சில இடங்களில் செட்டிங் கோப்பைக்கூட வாடிக்கையாளரிடம் தருவதில்லை, ஒவ்வொரு திருத்தத்துக்கும் தனியாகக் காசு. கோப்பைக் கேட்டு வாங்குங்கள், அது உங்களுடையது. 'அனுமதியெல்லாம் நாங்களே முடித்துத் தருகிறோம்' என்று ஆயிரக்கணக்கில் கேட்டாலும் கொடுக்காதீர்கள். 2021 ட்ரோன் விதிகளின்படி பதிவு எண்ணுக்கு அரசுக் கட்டணம் 100 ரூபாய். நீங்களே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். பக்கத்துத் தோட்டக்காரர்களிடம் கூலி வாங்கினால் பைலட் சான்றும் வேண்டும். அந்தப் பயிற்சியையோ பெரும்பாலும் சமதள மைதானத்தில், நாலு விசிறி ட்ரோனில் நடத்துகிறார்கள். மலைச்சரிவில் இறக்கை ட்ரோனை எப்படி இறக்குவது என்று எவரும் கற்றுத் தராமலே சான்று கொடுக்கும் இந்த ஏற்பாட்டை எத்தனை வருடம் பொறுத்துக்கொள்வது? வெலிங்டன் ராணுவ முகாமும் அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையும் அருகிலேயே இருப்பதால், ஒவ்வொரு முறையும் வான்வெளி வரைபடத்தைப் பார்த்த பிறகே கிளப்புங்கள்.

இறங்கும் பாதையை இன்றே மேல்நோக்கித் திருப்பி எழுதுங்கள். இறங்கும் புள்ளி, வீசும் இடத்தைவிட எத்தனை மீட்டர் தாழ்வு என்பதையும் அதில் சேருங்கள். முதல் மூன்று தடவை 20 மீட்டர் உயரத்திலேயே இறங்குவதைக் கைவிட்டு மேலேற்றிப் பழகுங்கள். நாலாவது தடவை இறக்கும்போது, 20 மீட்டருக்குக் கீழே வந்துவிட்டால் மேலேற்ற முயல வேண்டாம். மெலிந்த காற்றில் எதிரே ஏறும் மேட்டை அது தாண்டாது. கையை எடுத்துவிட்டு இறங்கவிடுங்கள்.