நம் தேசிய சபை உறுப்பினர் எப்படி வாக்களித்தார்? வாக்கெடுப்பின் எண்ணைக் கேளுங்கள்

கேள்வி: எங்கள் தொகுதியின் தேசிய சபை உறுப்பினர், நாடாளுமன்ற உறுப்பினர்களின் எண்ணிக்கையைக் குறைக்கத் தாம் ஆதரவாக வாக்களித்ததாகத் துண்டறிக்கையில் அச்சிட்டிருக்கிறார். எதிரணியினர் மறுக்கிறார்கள். நானே சரிபார்க்க இயலுமா? (சென் அந்திரே வாசகர், ரியூனியன்)

பதில்: இயலும், ஆனால் எந்த வாக்கெடுப்பு என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். பிரெஞ்சு அரசியலமைப்பின் 24-ஆவது பிரிவு தேசிய சபைக்கு 577, செனட்டுக்கு 348 என்று உச்சவரம்பை மட்டுமே விதிக்கிறது. உண்மையான எண்ணிக்கையை நிர்ணயிப்பது அமைப்புச் சட்டம், அதாவது அரசியலமைப்புக்குக் கீழாகவும் சாதாரணச் சட்டத்துக்கு மேலாகவும் நிற்கும் தனிவகைச் சட்டம். 2018-இல் மக்ரோன் அரசு தேசிய சபையை 404 ஆகக் குறைக்கும் வரைவைக் கொண்டுவந்தது. அதனுடன் வந்த அரசியலமைப்புத் திருத்த விவாதம் அந்த ஆண்டு ஜூலையில் பெனல்லா விவகாரத்தால் (மக்ரோனின் உதவியாளர் ஒருவர் ஆர்ப்பாட்டக்காரர்களைத் தாக்கிய சர்ச்சை) பாதியில் நின்றது. எண்ணிக்கையைக் குறைக்கும் வரைவு பொது அமர்வில் வாக்கெடுப்புக்கே வரவில்லை. கால் பங்கு குறைப்பாகத் தளர்த்தி 2019-இல் தாக்கல் செய்த மறுவரைவுக்கும் அதே கதிதான். ஆகவே துண்டறிக்கை இந்த வரைவுகளைக் குறிப்பதாயின், அந்தக் கூற்று நிற்காது. வேறொரு மசோதாவையோ திருத்தத்தையோ குறிப்பதாயின், அதன் வாக்கெடுப்பு எண்ணை அவரே தர வேண்டும்.

எண் கிடைத்தால் வேலை எளிது. தேசிய சபையின் இணையதளத்தில், பெயர் பதிவாகும் பொது வாக்கெடுப்பு ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்கம் உண்டு. ஆதரவு, எதிர்ப்பு, நடுநிலை என்று குழுவாரியாகப் பெயர்கள் இருக்கும். பெரும்பாலான திருத்தங்களோ கை உயர்த்தலிலேயே முடிந்துவிடுகின்றன. அவற்றில் யார் எப்படி வாக்களித்தார் என்ற பதிவே இராது. இதை அறிந்தே சிலர் தாராளமாக உரிமை கொண்டாடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

பட்டியலில் பெயர் இல்லையென்றால் அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம். பாரிசுக்கு 9,000 கிலோமீட்டருக்கு மேல், ஏறத்தாழ 11 மணி நேர விமானப் பயணம். நம் தீவின் 7 உறுப்பினர்களுக்கு எல்லா வாக்கெடுப்பிலும் இருப்பது கடினம். தம் வாக்கை மற்றோர் உறுப்பினரிடம் ஒப்படைக்கலாம் என்றாலும், 27-ஆவது பிரிவின்படி ஒருவர் ஒருவருடைய வாக்கை மட்டுமே ஏற்க முடியும். தவறாக வாக்கு பதிவாகிவிட்டது என்று உறுப்பினர் பின்னர் விளக்கம் பதிந்தால், அதுவும் அந்தப் பக்கத்திலேயே இருக்கும்; முடிவு மட்டும் மாறாது. பக்கத்தின் அடிவரை படியுங்கள்.

நடுநிலையின் பொருளும் இடத்துக்கு இடம் மாறும். வழக்கமான வாக்கெடுப்பில் அது கணக்கிலேயே வராது. இரு அவைகளும் உடன்படாத நிலையில் தேசிய சபை தனித்து அமைப்புச் சட்டத்தை நிறைவேற்ற வேண்டுமானால், மொத்த உறுப்பினரில் அறுதிப் பெரும்பான்மை, அதாவது 289 வாக்கு தேவை. அங்கே நடுநிலை எதிர்ப்புக்குச் சமம். செனட்டைப் பற்றிய அமைப்புச் சட்டமென்றால், செனட்டின் ஒப்புதலின்றி எதுவும் நடவாது.

இத்தகைய குறைப்பை எதிர்த்து வாக்களித்தவரைப் பதவி ஆசைக்காரர் என்று சொல்லிவிடுவதும் சரியன்று. 2012-இல்தான் நம் இடங்கள் 5-இலிருந்து 7 ஆயின. 404 என்ற கணக்கில் அவை விகிதப்படி மீண்டும் 5-க்கு இறங்கும், அந்த 2018 வரைவில் இருந்தபடி 15 விழுக்காடு இடங்கள் நாடளாவிய கட்சிப் பட்டியல்களுக்கும் போனால் இன்னும் குறையும்.

உறுப்பினரின் தொகுதி அலுவலகத்துக்கு எழுதி, வாக்கெடுப்பின் எண்ணையும் தேதியையும் கேளுங்கள். கை உயர்த்தல் என்று பதில் வந்தால், அந்த அமர்வின் அறிக்கையில் அவர் பேசிய பக்கத்தைக் கேளுங்கள்.