கோப்பிக்கடையில் தனியாக உட்கார்ந்து ஆட்களை வேடிக்கை பார்ப்பது வெட்டி வேலையா?

இப்படிக் கேட்கிறீர்கள் என்றால், "வேற வேலை இல்லையா?" என்று யாரோ உங்களிடம் கேட்டிருக்கிறார்கள். நீங்கள் பெண்ணாகவும் இருக்க வேண்டும். ஆண்களை யாரும் இதைக் கேட்பதில்லை. மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், ஒரே ஒரு தே தாரிக்கை (ஆற்றிய பால் தேநீர்) வைத்துக்கொண்டு விடிய விடிய பந்து விளையாட்டு பார்ப்பார்கள், அது நட்பு. நான் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் என் நாத்தனார் தைப்பூசத் தண்ணீர்ப்பந்தல் வரைக்கும் சேதி கொண்டுபோகிறாள்: "அண்ணி வீட்டுலயே தங்குறதில்ல."

நான் மலேசியாவில் பினாங்கு. ஜார்ஜ்டவுனில் லெபோ பாசார் பக்கம் ஒரு சீனர் கோப்பிக்கடை. பெயர் சொல்ல மாட்டேன், அப்புறம் எனக்கு இடம் கிடைக்காது. பளிங்கு மேசை, துணிப்பையில் வடிக்கிற கோப்பி. முன்பெல்லாம் சிகரெட் புகையில் உட்காரவே முடியாது. 2019 ஜனவரியில் சாப்பாட்டுக் கடைகளில் தடை வந்த பிறகு, ஊதுகிறவர்கள் 3 மீட்டர் தள்ளிப் போய் நிற்க வேண்டும். மேசையில் வாய் திறக்காத ஆள் அங்கே போய்க் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவதைப் பார்த்தாலே அந்தக் கூட்டத்தின் பாதிக் கதை தெரிந்துவிடும்.

புதன், சனி, ஞாயிறு நாலு நம்பர் லாட்டரிக் குலுக்கல். அன்றைக்கெல்லாம் நடுமேசையில் மூன்று தமிழ் அங்கிள்கள், ஒரு சீன அங்கிள். ரோட்டில் மோதிய காடியின் (கார்தான்) நம்பர், கனவில் வந்த பாம்பு, செத்தவர் வீட்டு எண், எல்லாம் சிகரெட் பெட்டியின் பின்பக்கத்தில் ஏறும். சீன அங்கிள் அரைவேக்காட்டு முட்டை இரண்டில் சோயா சாஸும் மிளகுத்தூளும் போட்டுக் கலக்கி, தட்டைத் தூக்கி உறிஞ்சுவார். அவர் உறிஞ்சி முடித்து வாயைத் துடைக்கும்வரை மற்ற மூவரும் பேனாவைத் தொடுவதில்லை. எந்த நம்பர் என்பது அவர் தீர்ப்பு.

ஒரு புதன்கிழமை அந்தத் தமிழ் அங்கிள்களில் ஒருவர் என்னிடம் வந்தார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா, ஒங்க காடி நம்பர் போன வாரம் ஆறுதல் பரிசு அடிச்சிருச்சு." நான் எந்த மேசை, சீனி போடாத கோப்பி ஓ (பால் சேர்க்காதது), எத்தனை மணிக்குக் கிளம்புவேன், அத்தனையும் அந்த மேசைக்குத் தெரிந்திருக்கிறது! எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் ஒரு கோப்பியாவது வாங்கிக் கொடுத்திருக்கலாம்.

அழகான கஃபேக்கள் இருக்கின்றனவே என்பீர்கள். அதைப் பேசினால் வயிறு எரியும். 2000இல் பழைய வீடுகளுக்கான வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போனதும் வாடகை ஏறி, இதே வட்டாரத்தில் கடைவீட்டு மாடியில் இருந்த நாங்கள் ஆயர் ஈத்தாம் அடுக்குமாடிக்குப் போனோம். அப்பா கடைசிவரை பஸ் ஏறி இங்கே வந்துதான் முடி வெட்டிக்கொண்டார். 2008இல் ஜார்ஜ்டவுனுக்கு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டம் வந்தது. இப்போது அந்த மாதிரி வீடுகளில் சுவரைச் சுரண்டிச் செங்கல்லைக் காட்டி, ஒரு லாத்தேக்குப் பதினைந்து வெள்ளி (ரிங்கிட்) கேட்கிறார்கள். பாரம்பரியமாம். குடியிருந்தவர்கள் அதில் சேர்த்தியில்லை போலிருக்கிறது. சரி, அது வேறு பஞ்சாயத்து.

"அடுத்தவர் விவகாரத்தில் மூக்கை நுழைக்கிறாய்" என்று வரிந்துகட்டி வருகிறவர்களுக்கு: நான் போனில் யாரையும் படம் எடுப்பதில்லை. காதில் விழுந்த வீட்டுச் சண்டையை வெளியே சொன்னதுமில்லை. சொல்கிறவர் என் நாத்தனார்.

நீங்கள் தாராளமாகப் போங்கள். தண்ணி, அதாவது கோப்பியோ தேநீரோ, ஆர்டர் பண்ணாமல் மட்டும் உட்காராதீர்கள். கடைக்குள் இருக்கிற சாப்பாட்டு அங்காடி வேறு ஆளுடையது, கடைக்காரருக்கு வருமானம் பெரும்பாலும் தண்ணியில்தான். ஞாயிறு காலை பசியாற வந்த குடும்பம் பிள்ளைகளோடு நின்றால் எழுந்து இடம் விடுங்கள். காடியைக் கடைக்கு நேர் முன்னால் நிறுத்துவது உங்கள் இஷ்டம்.