தமிழ்நாட்டு நம்பர் பிளேட்டைப் பார்த்து போலீஸ் கை காட்டினால்

தம்பி,

உன் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். சேலத்திலிருந்து மார்ச் மாதம் பெங்களூர் வந்திருக்கிறாய். எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை. வெள்ளிக்கிழமை ராத்திரி உன் காரிலேயே ஊருக்குக் கிளம்பி ஞாயிறு திரும்புகிறாய். டிஎன் நம்பர் என்றால் டிராபிக் போலீஸ் கட்டாயம் நிறுத்துவார்கள், கன்னடம் தெரியாவிட்டால் காசு வாங்காமல் விடமாட்டார்கள் என்று ரூமில் இருப்பவர்கள் பயமுறுத்துகிறார்கள். நிறுத்தினால் அவர்கள் எதுவரை கேட்கலாம், நீ என்ன பேச வேண்டும், வண்டியை இங்கே மாற்றிப் பதிய வேண்டுமா. இதுதானே?

நான் வாணியம்பாடிக்காரன். 2005-ல் பெங்களூர் பீன்யாவுக்கு லேத் பட்டறை வேலைக்கு வந்தேன். அப்புறம் சொந்தமாக ஒரு குட்டியானை சரக்கு வண்டி வாங்கி, ஓசூர் சிப்காட்டுக்கு உதிரி பாகம் ஏற்றிப் போய் வருகிறேன். வாரத்தில் நாலு நாள் அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டுகிறவன் என்பதால், ரோட்டில் நிற்கும் காக்கியோடு நிறையவே பழக்கம்.

முதலில் நான் செய்த தப்பைச் சொல்கிறேன். வண்டி வாங்கின புதிது. இன்சூரன்ஸ் முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்ததை நான் கவனிக்கவில்லை. ஒரு சந்திப்பில் நிறுத்தினார்கள். அந்தக் காவலர் கையில் சலான் புத்தகம் இல்லை. "கேஸ் போட்டால் ஆயிரம் ஆகும், இருநூறு வைத்துவிட்டுப் போ" என்றார். ஆர்.சி. புக்குக்குள் நோட்டை மடித்து வைத்து நீட்டினேன். அவர் புக்கைத் திருப்பித் தந்தார், நோட்டு அதில் இல்லை. ஒரு கிலோமீட்டர் போனதும் அடுத்த சந்திப்பில் இன்னொருவர் கை காட்டினார். அதே இன்சூரன்ஸ், அதே கேள்வி. இப்போதுதான் கட்டினேன் என்று காட்ட என் கையில் ஒரு துண்டுக் காகிதம் கூட இல்லை. இன்னொரு இருநூறு போனது. சாயங்காலம் வீட்டில் கணக்குச் சொல்லும்போது தொண்டை அடைத்தது. பணம் போனதை விட, நானே மடித்துக் கொடுத்தேன் என்பதுதான் உறுத்தியது.

அதனால் உனக்கு முதலாவதாகச் சொல்வது: ரசீது இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதே. 2018-ல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதன்படி லஞ்சம் கொடுப்பவனும் குற்றவாளி, ஏழு வருஷம் வரை சிறை உண்டு. வற்புறுத்தலால் கொடுத்தவன் ஏழு நாளுக்குள் புகார் செய்தால்தான் தப்பலாம். ரூமில் இருப்பவர்கள் "நூறு, இருநூறு கொடுத்து முடித்துவிடு" என்று சொல்வது சுலபம். மாட்டினால் நீயும்தான் நிற்க வேண்டும்.

சரி, அவர்கள் எதுவரை கேட்கலாம்? மோட்டார் வாகனச் சட்டம் 130-ஆம் பிரிவின்படி, சீருடையில் இருக்கும் காவலர் கேட்டால் லைசென்ஸைக் காட்டத்தான் வேண்டும். சீருடை என்ற அந்தச் சொல்லைக் கவனி. வெள்ளைச் சட்டை, காக்கி பேன்ட், நெஞ்சில் பெயர்ப் பட்டை. அந்தப் பெயரைப் படித்து மனதில் வைத்துக்கொள். இங்கே அபராதம் போடுவது ஏஎஸ்ஐ-யும் (உதவி சப்-இன்ஸ்பெக்டர்) அதற்கு மேலே உள்ளவர்களும். தோளில் ஒரு நட்சத்திரமாவது இருக்கும். நட்சத்திரம் இல்லாத கான்ஸ்டபிள் வண்டியை ஓரங்கட்டச் சொல்லலாம். அபராதம் என்று பேச்சு வந்தால், "ஆபிசரிடம் கட்டுகிறேன் சார்" என்று மரியாதையாகச் சொல்.

இன்னொரு விஷயம் முக்கியமானது. 2022 ஜூனில், அப்போது கர்நாடக டிஜிபியாக இருந்த பிரவீன் சூத் வெளிப்படையாக ஒரு உத்தரவு போட்டார். பின்னால் சிபிஐ இயக்குநரானாரே, அவர்தான். ஆவணம் பார்ப்பதற்காக மட்டும் எந்த வண்டியையும் நிறுத்தக் கூடாது, கண்ணுக்குத் தெரிகிற விதிமீறல் இருந்தால்தான் நிறுத்தலாம், குடித்துவிட்டு ஓட்டுகிறார்களா என்ற சோதனை ஒன்றுதான் விலக்கு என்றார். அதைப் படித்த அன்றைக்கு ஸ்டாண்டில் எங்களுக்குள் வேறு பேச்சே இல்லை. வளைவுக்குப் பின்னால், பாலத்தின் இறக்கத்தில் மறைந்து நின்று, வருகிற சரக்கு வண்டியை எல்லாம் ஓரங்கட்டி "பேப்பர் எடு" என்றால் பின்னால் வருகிறவன் பிரேக் அடித்துத்தான் சாவான். இது உயர் அதிகாரியின் உத்தரவு, சட்டப் பிரிவு அல்ல. அதைக் கையில் வைத்துக்கொண்டு வாக்குவாதம் பண்ணாதே. ஆனால் அதன் அர்த்தம் உனக்குச் சாதகம். டிஎன் என்ற இரண்டு எழுத்து விதிமீறல் கிடையாது. சீட் பெல்ட் போடாதது, கையில் போன், கண்ணாடியில் கறுப்பு பிலிம், கோட்டைத் தாண்டி நின்றது, இவைதான் கண்ணுக்குத் தெரிகிற தப்பு. அதில் ஒன்றை நீ செய்தால் மற்ற எல்லாவற்றையும் கேட்க நீயே வழி விடுகிறாய். குற்ற வழக்குக்காகவோ தேர்தல் நேரத்திலோ எல்லையில் போடும் சோதனை வேறு. அங்கே டிக்கியைத் திறக்கச் சொன்னால் திற.

1985-லேயே மத்திய உள்துறை அமைச்சகம் மாநிலங்களுக்குக் காவலர் நடத்தை விதி என்று ஒன்றை அனுப்பியது. குற்றமும் குழப்பமும் இல்லாமல் இருப்பதுதான் காவல்துறையின் திறமைக்கு அளவு, அவற்றை அடக்குவதாகக் கண்ணுக்குத் தெரியும் நடவடிக்கை அல்ல என்பது அதில் வருகிறது. எனக்கு அது மிகவும் பிடித்த வாசகம். எத்தனை சலான் கிழித்தோம் என்று எண்ணுகிறவரை விட, சிக்னல் கெட்டுப் போன மழை நாளில் நடு ரோட்டில் நனைந்துகொண்டு கை காட்டுகிறவர்தான் அந்த வாசகத்துக்கு ஏற்ற போலீஸ். அப்படிப்பட்டவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர். அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டு வருஷம் முன்னால் கோட்டைத் தாண்டி நிறுத்தியதற்கு என்னைப் பிடித்தார் ஒரு சப்-இன்ஸ்பெக்டர். நெஞ்சில் தீப்பெட்டி அளவு கேமரா. அதைத் தொட்டுக் காட்டி "ரெக்கார்ட் ஆக்தா இதே", பதிவாகிக்கொண்டிருக்கிறது என்றார். கை மெஷினில் என் வண்டியின் முன் சக்கரம் வெள்ளைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் போட்டோ. 500 ரூபாய். கார்டில் தேய்த்தேன். மெஷினிலிருந்து சுருண்டு வந்த பில்லைக் கிழித்து இரண்டு கையாலும் கொடுத்தார். என்னை ஒரு தடவை கூட "நீ" என்று சொல்லவில்லை. அபராதம் கட்டிவிட்டு மனசு லேசாக வந்தது அன்றைக்குத்தான். அந்தப் பில்லை உடனே போட்டோ எடுத்து வைத்துக்கொள், வெயில் பட்டால் எழுத்து மறைந்துவிடும்.

ஆவணங்களைப் பொறுத்தவரை கவலையே வேண்டாம். லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் டிஜிலாக்கர், எம்பரிவாஹன் என்ற அரசு ஆப் ஒன்றில் இருந்தால் செல்லும். வாட்ஸ்அப்பில் உன் அப்பா அனுப்பிய போட்டோவை நம்பாதே. லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டால், 206-ஆம் பிரிவின்படி அதற்கு ஒப்புகைச் சீட்டுத் தர வேண்டும். கேட்டு வாங்கு. வண்டியைப் பிடித்து வைக்க 207-ஆம் பிரிவு இருக்கிறது. ஓடுகிற வண்டியின் சாவியைப் பிடுங்குவது அந்தப் பிரிவு சொல்லும் முறை அல்ல. ஆனாலும் சாவிக்காகக் கையைத் தட்டிவிடாதே. கையைத் தட்டினால் பேச்சு வேறு திசைக்குப் போய்விடும்.

குடித்திருந்தால் ஓட்டாதே. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் கோர்ட்தான், முதல் தடவையே பத்தாயிரம் வரை அபராதம்.

மொழிக்கு வருகிறேன். நாலு வாக்கியம் போதும். "நமஸ்காரா சார்." "ஏனு தப்பாய்த்து சார்?" என்ன தப்பு நடந்தது என்று கேட்பது. "கன்னடா ஸ்வல்ப பருத்தே." கொஞ்சம் கன்னடம் வரும். "ரசீதி கொடி சார்." ரசீது கொடுங்கள். கண்ணாடியை முழுக்க இறக்கி, பாட்டை அணைத்து, இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு இதைச் சொல்லிப் பார். எதிரில் நிற்பவரும் காலையிலிருந்து புகையில் நிற்கிறவர். இந்த ஊர்ப் போலீசில் நிறையப் பேருக்குத் தமிழ் புரியும் என்பதற்காக ஆரம்பத்திலேயே தமிழில் பேசாதே. முதல் வாக்கியம் கன்னடத்தில் இருந்தால் இரண்டாவதைப் பல பேர் தமிழிலேயே பேசுவார்கள்.

டிஎன் நம்பருக்குப் பயம் எங்கிருந்து வந்தது என்பதையும் மறைக்க மாட்டேன். 2016 செப்டம்பர் 12, காவிரிக் கலவரம். தமிழ்நாட்டுப் பஸ்களை எரித்தார்கள். அன்றைக்கு நான் ஓசூரிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தேன். என் வண்டி கேஏ நம்பர்தான், ஆனால் முன் கண்ணாடியில் முருகன் படத்துக்குக் கீழே தமிழ் எழுத்து. மெயின் ரோட்டில் ஒரு டிராபிக் கான்ஸ்டபிள் ஓடி வந்து வண்டியை மறித்தார். தன் கைக்குட்டையால் கண்ணாடியில் அந்த எழுத்தை மூடி, வைப்பரில் செருகி, "சந்துல திரும்பு, சந்துல திரும்பு" என்று தமிழிலேயே கத்தினார். பெயர்ப் பட்டையைப் படிக்கக் கூட நேரமில்லை. அந்தக் கைக்குட்டை இன்னும் என் வண்டியில் இருக்கிறது. அதன் பிறகு அந்த மாதிரி ஒரு நாளை நான் பார்க்கவில்லை.

நெடுஞ்சாலையில் உனக்கு ஆபத்து போலீசிடம் இல்லை, வேகத்தில்தான். மைசூர் சாலையில் போனால் கேமரா விடாது. 2024 ஆகஸ்டிலிருந்து 130 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போனால் கர்நாடகத்தில் எப்ஐஆரே போடுகிறார்கள். கேமரா கேஸ் என்றால் பதினைந்து நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்பது 2021 விதி. உன் போன் நம்பர் ஆர்.சி.யில் சரியாக இருக்கிறதா என்று பார், இல்லாவிட்டால் அபராதம் தெரியாமலே சேரும். கிருஷ்ணகிரி தாண்டினால் நம் ஊர் ரோந்து வண்டிகள் நிற்கும். தொப்பூர் இறக்கத்தில் லாரிக்குப் பின்னால் ஒட்டிப் போகாதே. விபத்தைப் பார்த்தால் அவசர உதவிக்கு 112 அல்லது நெடுஞ்சாலை உதவிக்கு 1033 அடி, இறங்கி உதவு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் வந்த 134ஏ பிரிவு, உதவுகிறவனைக் காக்கிறது. உன் பெயரைச் சொல்லக் கூட யாரும் வற்புறுத்த முடியாது.

தப்பாக நடந்துகொண்டால் ரோட்டில் சண்டை வேண்டாம். பெயர், நேரம், இடம் மூன்றையும் குறித்துக்கொண்டு கிளம்பு. லஞ்சம் கேட்டார்கள் என்றால், ஊழல் புகாரை விசாரிக்கும் லோகாயுக்தா போலீசிடம் போ. மற்றபடி டிராபிக் உயர் அதிகாரிக்கு எழுது. 2006-ல் உச்ச நீதிமன்றம் பிரகாஷ் சிங் வழக்கில் சொன்னபடி அமைந்த போலீஸ் புகார் ஆணையமும் இருக்கிறது. இன்னொன்று, சட்டத்தை அமல்படுத்துகிறவரே அதை மீறினால் அவருக்கு இரட்டிப்பு அபராதம் என்று 210பி பிரிவு சொல்கிறது. ஹெல்மெட் இல்லாமல் போகும் காவலருக்கும் அது பொருந்தும்.

கடைசியாக, மாற்றிப் பதிவது. வேறு மாநில வண்டி 12 மாதத்துக்கு மேல் இங்கேயே இருந்தால் இந்த ஊர் நம்பர் வாங்க வேண்டும் என்பது 47-ஆம் பிரிவு. வாராவாரம் சேலம் போய் வருகிற வண்டி என்றால் டோல் ரசீதுகளை அழிக்காமல் வை. இங்கேயே தங்கிவிடுவதாக முடிவெடுத்தால், அடுத்த பிப்ரவரியிலேயே சேலம் ஆர்டிஓ ஆபீசில் என்ஓசிக்கு (தடையில்லாச் சான்று) எழுதிக் கொடு. இங்கே வரி கட்டிய பிறகு அங்கே கட்டியதில் மிச்சத்தைத் திருப்பிக் கேட்கலாம். உன் கம்பெனிக்கு நாலு மாநிலத்திலாவது ஆபீஸ் இருந்தால், மாநிலம் மாறினாலும் மாற்றிப் பதிய வேண்டாத பிஎச் நம்பருக்கு நீ தகுதி. அதை எச்ஆரிடம் இந்த வாரமே கேள்.