வக்கீலும் ஆடிட்டரும் கூட்டாகத் தொழில் செய்யலாமா?

கேள்வி: நான் திருப்பூரில் வழக்கறிஞராக இருக்கிறேன். என் அத்தை மகன் ஆடிட்டர். இருவரும் கூட்டு நிறுவனம் தொடங்கி, வரும் கட்டணத்தைப் பங்கிட்டுக்கொள்ளலாமா? எங்கள் தரப்பில் தடையில்லை என்கிறார் அவர்.

பதில்: அவர் தரப்பில் தடையில்லை என்பது உண்மைதான். பட்டயக் கணக்காளர் கழகத்தின் ஒழுங்குமுறைகள் வழக்கறிஞரைக் கூட்டாளியாகச் சேர்க்க இடம் தருகின்றன. சிக்கல் உங்கள் தரப்பில். வழக்கறிஞர் அல்லாத எவரோடும் கூட்டு சேரவோ, கட்டணத்தைப் பகிரும் வேறு எந்த ஏற்பாடும் செய்துகொள்ளவோ இந்திய பார் கவுன்சில் விதிகள் அனுமதிப்பதில்லை. ‘எல்எல்பியாக (வரையறுத்த பொறுப்புக் கூட்டு நிறுவனமாக) போட்டுக்கொள்ளுங்கள்’, ‘அவர் பங்கைக் கன்சல்டன்சி பில்லாகக் காட்டுங்கள்’ என்று யோசனை சொல்ல ஆள் வருவார்கள். கேட்காதீர்கள், ‘வேறு எந்த ஏற்பாடும்’ என்பதில் அவையும் அடக்கம். புகார் போனால் 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டம் 35ஆம் பிரிவின்படி சன்னத்தே (வக்கீல் தொழில் செய்யும் உரிமையே) பறிபோகலாம்.

ஆடிட்டர் விஷயத்தில் இந்தத் தடை நியாயம் என்றே நினைக்கிறேன். கட்சிக்காரர் நம்பிச் சொன்னதை அவர் சம்மதமில்லாமல் வழக்கறிஞர் வெளியிடக் கூடாது என்கிறது சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம், 132ஆம் பிரிவு. கம்பெனிகள் சட்டம் 143(12) நேர் எதிர்த் திசையில் இழுக்கிறது: தணிக்கையின்போது கம்பெனி அதிகாரிகளோ ஊழியர்களோ 1 கோடி ரூபாய்க்குக் குறையாமல் மோசடி செய்ததாக நம்பக் காரணம் இருந்தால், ஆடிட்டர் மத்திய அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். பனியன் கம்பெனி டைரக்டர் ஒருவர் நடந்து முடிந்த தில்லுமுல்லை உங்களிடம் ஒப்புக்கொள்கிறார். அதே கம்பெனியின் கணக்கைத் தணிக்கை செய்பவர் உங்கள் கூட்டாளி. யார் கடமை தவறுவது?

எல்லாக் கூட்டுக்கும் இந்த முரண் கிடையாது. காப்புரிமை வேலைக்குப் பொறியாளரும் வழக்கறிஞரும் சேர்ந்தால் யாருக்கு நஷ்டம்? அதற்காவது பார் கவுன்சில் இறங்கிவரலாம். இங்கிலாந்து 2007ஆம் ஆண்டுச் சட்டத்தால் வழக்கறிஞரும் பிறரும் சேர்ந்து நடத்தும் கலப்பு நிறுவனங்களுக்கே வழிவிட்டது. ஆனால் உரிமம் தந்து கண்காணிக்கும் ஏற்பாட்டோடு.

இப்போதைக்கு ஒரே கட்டடத்தில் தனித்தனி அறை எடுங்கள். வாடகைப் பங்கு நிலையான தொகையாக இருக்கட்டும், வருமானத்தில் சதவீதமாக வேண்டாம். பில்லும் வங்கிக் கணக்கும் தனித்தனி. ஒருவரிடம் வருபவரை மற்றவரிடம் அனுப்பலாம், கமிஷன் கூடாது. வாசலில் கூட்டுப் பலகை மாட்டாதீர்கள். வழக்கறிஞரின் பலகை வேறு நபரோடோ அமைப்போடோ தொடர்பு காட்டக் கூடாது என்கிறது பார் கவுன்சில் விதி 36. குமாஸ்தாவையும் பொதுவில் வைக்காதீர்கள். உங்கள் அத்தை மகன் தணிக்கை செய்யும் கம்பெனியே உங்கள் கட்சிக்காரராகவும் வந்தால், அந்த ஃபைல் உங்கள் அறைப் பூட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.