யோசெமிட்டியில் ஆற்றோரமாக ஆர்வியில் தங்க எப்படித் திட்டமிடுவது?
ஜூன் தொடக்கத்தில் வாடகை ஆர்வியில் (படுக்கை, சமையலறை உள்ள வீட்டு வண்டி) குடும்பத்தோடு அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் உள்ள யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போகலாம். ஆனால் வண்டிக்குப் பணம் கட்டும் முன் இடத்தைப் பிடியுங்கள். மெர்செட் ஆற்றை ஒட்டிய லோயர் பைன்ஸ் முகாமில் 40 அடி வரை ஆர்வி நிற்கும், பக்கத்து அப்பர் பைன்ஸில் 35 அடிதான். அதுவும் எல்லா இடத்திலும் அல்ல. இடத்துக்கு இடம் அளவு மாறும். என்னைக் கேட்டால் சின்ன வண்டியே எடுங்கள்.

ரிக்ரியேஷன்.கவ் (Recreation.gov) என்ற அமெரிக்க அரசின் முன்பதிவுத் தளத்தில் ஜூன் தொடக்கத்துக்கான முன்பதிவு ஜனவரி 15 அன்று, பசிபிக் நேரம் காலை 7 மணிக்குத் திறக்கும். கண்மூடித் திறப்பதற்குள் தீர்ந்துவிடும்.

மின்சாரம், தண்ணீர் இணைப்பு எதுவும் கிடையாது. ஜெனரேட்டரும் காலை 7–9, மதியம் 12–2, மாலை 5–7 மட்டுமே. சட்னிக்கு மிக்ஸி ஓட்டுவதை அந்த நேரத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள்! கழிவுத் தொட்டியை அப்பர் பைன்ஸில் காலி செய்யலாம்.

கரடி விஷயத்தில் மட்டும் அசட்டை வேண்டாம். வண்டியை விட்டு இறங்கினால் ஜன்னல், கூரைத் திறப்பு, கதவு எல்லாம் மூடியிருக்க வேண்டும். சாப்பாடு வெளியிலிருந்து கண்ணில் படக்கூடாது. வெளியே மேசையில் வைத்த முறுக்குப் பொட்டலமும் பற்பசையும்கூட முகாமில் இருக்கும், கரடி திறக்க முடியாத இரும்புப் பெட்டிக்குள் போக வேண்டும்.

ஜூனில் பனி உருகி ஆறு வேகமாக ஓடும். குழந்தைகளைக் கரையோடு நிறுத்துங்கள்.