மண்டைக்காரன்கிட்ட மாட்டிக்கிட்டேன்!

கேள்வி: அண்ணே, பிளாக் மித் வூகாங் கேம் வாங்கி ரெண்டு நாளாச்சு. கிராஃபிக்ஸ் செம, ஆனா ஆரம்பத்துலயே காட்டுல ஒரு பெரிய மண்டைக்காரன் தலையால முட்டி முட்டியே பதினஞ்சு தடவ கொன்னுட்டான். ஈஸி மோடு எங்க இருக்கு?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: தேடாதீங்க தம்பி, அப்படி ஒன்னு கிடையவே கிடையாது. 2024 ஆகஸ்ட் 20 கேம் வந்தப்ப நானும் இதே ஆள்கிட்டதான் செமத்தியா வாங்கினேன், அப்புறம்தான் தெரிஞ்சுது அவன அடிச்சே ஆகணும்னு கட்டாயமே இல்லன்னு, சும்மா சுத்திக்கிட்டு போயிருக்கலாம்! முன்னாடி போயி ரெண்டு லெவல் ஏத்திட்டு, ஆள அப்படியே உறைய வைக்கிற மந்திரத்தோட திரும்பி வாங்க. அவன் தலைய பின்னால இழுத்த உடனே தப்பிக்க உருளாதீங்க, கொஞ்சம் பொறுத்து மண்ட இறங்குற நேரத்துல உருளுங்க. திறமைய ஏத்துற ஸ்கில் பாயின்ட்ட தப்பா போட்டுட்டோமேன்னு கவல வேணாம், கேம்ல வர்ற சாமி மாடத்துல காசில்லாம மாத்திக்கலாம். எனக்குக் கடுப்பு வேற விஷயத்துல: வந்த புதுசுல மேப்பே இல்ல, போதாக்குறைக்கு கண்ணுக்குத் தெரியாத சுவர்ல போயி போயி இடிச்சுக்கிட்டேன்.